கல்லூரி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைக் கணிப்பது எப்படி? ஓஹியோ ஸ்டேட் – மிச்சிகன் ஆட்டத்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர் 30 அன்று கொலம்பஸ் நகரின் ஓஹியோ ஸ்டேடியத்தில், 10 வெற்றிகளும் ஒரே ஒரு தோல்வியுமாக நாட்டின் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த ஓஹியோ ஸ்டேட் அணி, 6 வெற்றிகளும் 5 தோல்விகளுமாகத் தட்டுத்தடுமாறி வந்திருந்த மிச்சிகனிடம் 13–10 என்று தோற்றது. பந்தயச் சந்தை ஓஹியோ ஸ்டேட்டுக்கு ஏறக்குறைய 20 புள்ளிகள் முன்னிலை கொடுத்திருந்தது. 1897 முதல் இவ்விரு பல்கலைக்கழகங்களும் ஆடிவரும் தொடரில் இவ்வளவு பெரிய அதிர்ச்சிகள் அரிது.

அந்த வாரம் "ஓஹியோ ஸ்டேட் வெல்லும்" என்று எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதே ஆட்டத்தைப் பத்து முறை ஆடினால் எட்டு ஒன்பது முறை அவ்வணிதான் வென்றிருக்கும். ஆனால் "மிச்சிகனுக்கு வழியே இல்லை" என்று எழுதியவர்கள் தங்கள் வேலையைச் செய்யவில்லை. வழி இருந்தது, அதற்கான தடயங்கள் ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே ஆட்டக் குறிப்புகளில் கிடந்தன. முன்னோட்டம் எழுதுபவரின் கடமை வெல்லும் அணியின் பெயரைச் சொல்வதோடு முடிவதில்லை. எவ்வளவு வாய்ப்பு, எத்தனை புள்ளி வித்தியாசம், எது நடந்தால் கணிப்பு கவிழும் என்ற மூன்றையும் எண்ணாகவும் காரணமாகவும் வாசகர் முன் வைப்பதே அந்தக் கடமை. அதை எந்த வரிசையில் செய்வது என்பதை இந்த ஆட்டத்தையே மேசையில் வைத்துக்கொண்டு பார்ப்போம். இங்கே கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்து. கால் அதிகம் படாத, முட்டை வடிவப் பந்து கொண்ட ஆட்டம். டச்டவுன், ஃபீல்ட் கோல், குவார்ட்டர்பேக் ஆகியவற்றை அறிந்தவர்களுக்காக இது எழுதப்படுகிறது.

படி 1: தொடக்க எண்ணைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்

முதலில் ஒரு தொடக்க எண் வேண்டும். அதை நம் மனத்திலிருந்து எடுப்பதைவிட ஸ்ப்ரெட்டிலிருந்து, அதாவது பந்தய நிறுவனங்கள் அறிவிக்கும் புள்ளி வித்தியாசத்திலிருந்து எடுப்பதே மேல். பந்தயம் கட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பணத்தைப் பணயம் வைத்தவர்களின் ஒட்டுமொத்தக் கணிப்பு அந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. நீண்ட காலத்தில் அதை முந்தியவர்கள் மிகச் சிலரே. கூடவே, பில் கானலி உருவாக்கிய எஸ்பி பிளஸ், இஎஸ்பிஎன் நிறுவனத்தின் எஃப்பிஐ போன்ற கணினித் தரமதிப்பீடுகளையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றை ஒன்று ஒட்டியிருந்தால் உங்கள் தொடக்கம் உறுதியானது. ஒன்று மட்டும் ஐந்தாறு புள்ளிகள் விலகியிருந்தால் ஏன் என்று தேடுங்கள். பெரும்பாலும் காயமடைந்த ஒரு குவார்ட்டர்பேக்கைக் கணினி அறிந்திருக்காது, சந்தை அறிந்திருக்கும்.

விளையாட்டுச் செய்தியாளர்கள் வாக்களிக்கும் ஏபி வாக்கெடுப்பின் தரவரிசையைத் தொடக்கமாக எடுக்க வேண்டாம். அது கடந்த வாரங்களில் யார் வென்றார், யார் தோற்றார் என்பதற்கான பரிசளிப்பு. அடுத்த சனிக்கிழமை யார் எத்தனை புள்ளிகள் மேல் என்பதைச் சொல்வதற்காக அது உருவாக்கப்படவில்லை.

ஸ்ப்ரெட்டைப் படிக்கும்போது அதன் பிழை வரம்பையும் சேர்த்தே படிக்க வேண்டும். கல்லூரி ஆட்டங்களில் இறுதி வித்தியாசம் ஸ்ப்ரெட்டிலிருந்து விலகும் திட்ட விலக்கம் (வழக்கமான விலகலின் அளவு) ஏறக்குறைய 15, 16 புள்ளிகள். அதாவது சுமார் மூன்றில் ஒரு ஆட்டம் சந்தையின் எண்ணிலிருந்து இரண்டு டச்டவுன்களுக்கும் மேல் தள்ளிப்போய் முடிகிறது. இந்த அளவை வைத்துக் கணக்கிட்டால், 3 புள்ளி முன்னிலை உள்ள அணிக்கு வெற்றி வாய்ப்பு 57 அல்லது 58 விழுக்காடு. 7 புள்ளிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. 14 புள்ளிகளுக்கு 80-க்குச் சற்று மேல். 20 புள்ளிகளுக்கு ஏறக்குறைய 90. கொலம்பஸ் ஆட்டத்தில் நம் தொடக்கம் இதுதான்: ஓஹியோ ஸ்டேட், 20 புள்ளிகள், 90 விழுக்காடு. சொந்த மைதானத்தின் சாதகம் இரண்டு மூன்று புள்ளிகள் அளவில் அந்த 20-க்குள் ஏற்கெனவே இருக்கிறது. "ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்களின் ஆரவாரம்" என்று சொல்லி அதை இரண்டாம் முறை கூட்டிவிடக் கூடாது.

படி 2: பருவத்தின் எண்களைச் சலித்தெடுங்கள்

கல்லூரிக் கால்பந்தின் பெரிய சிக்கல், முதன்மைப் பிரிவில் 130-க்கும் மேற்பட்ட அணிகள் இருக்க, ஒவ்வொன்றும் வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்கள் மட்டுமே ஆடுவதுதான். அந்தப் பன்னிரண்டும் சமமானவை அல்ல. 2024-இல் ஓஹியோ ஸ்டேட் தன் முதல் மூன்று ஆட்டங்களில் ஆக்ரனை 52–6, வெஸ்டர்ன் மிச்சிகனை 56–0, மார்ஷலை 49–14 என்று வென்றது. மூன்றும் பணம் வாங்கிக்கொண்டு வந்து ஆடிப்போகும் சிறிய அணிகள். அந்த 157 புள்ளிகளைச் சராசரியில் சேர்த்துக்கொண்டு "ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி எடுக்கும் தாக்குதல்" என்று எழுதினால், நவம்பரில் எதிரே நிற்கப்போகும் தடுப்பு அணியைப் பற்றி எதுவுமே சொன்னதாகாது.

ஆகவே ஒவ்வொரு அணிக்கும் அதன் எதிரணிகளைத் தரவாரியாகப் பிரித்து, இந்த வார எதிரணிக்கு நிகரானவற்றோடு ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். ஓஹியோ ஸ்டேட்டுக்கு அப்படி எடுத்தால் கிடைப்பவை: ஆரிகனிடம் 32–31 என்று தோல்வி, நெப்ராஸ்காவோடு 21–17, பென் ஸ்டேட்டோடு 20–13, இண்டியானாவோடு 38–15. வேறோர் அணியின் கதை போலத் தெரிகிறது அல்லவா? நல்ல தடுப்பு அணிகளுக்கு எதிராக அத்தாக்குதல் இருபதை ஒட்டியே நின்றிருக்கிறது, ஆரிகன், இண்டியானா ஆட்டங்கள் நீங்கலாக. இண்டியானாவுக்கு எதிரான அந்த 38-இலும், எதிரணி பந்தை விட்டுக்கொடுத்து உதைக்கும் பன்ட் உதையை வாங்கி 79 யார்டு ஓடி எடுத்த டச்டவுன் ஒன்று அடக்கம். அது தாக்குதல் அணியின் கணக்கில் வராது.

மிச்சிகன் பக்கம் பார்த்தால், குவார்ட்டர்பேக் நிலை பரிதாபம். வாஷிங்டன், இல்லினாய், ஆரிகன் அணிகளிடம் தெளிவான தோல்வி. ஆனால் நவம்பர் 9 அன்று, அதுவரை தோல்வியே காணாத இண்டியானாவை அதன் சொந்த மைதானத்தில் 20 புள்ளிகளோடு நிறுத்தி, 20–15 என்றுதான் மிச்சிகன் தோற்றது. இரண்டாம் பாதியில் இண்டியானாவுக்குக் கிடைத்தது 3 புள்ளிகள். தோல்விப் பட்டியலில் புதைந்து கிடந்த இந்த ஆட்டமே அந்த மாதத்தின் மிக முக்கியமான தகவல் என்பது என் கருத்து.

பொது எதிரணியை வைத்து நேர்க்கணக்குப் போடுவது மட்டும் கூடாது. ஓஹியோ ஸ்டேட் இண்டியானாவை 23 புள்ளிகளால் வென்றது, மிச்சிகன் 5 புள்ளிகளால் தோற்றது, எனவே வித்தியாசம் 28 என்று சொல்வது ஒரே ஒரு சாட்சியை வைத்து வழக்கை முடிப்பதாகும். பொது எதிரணி ஆட்டத்தில் எது எதை வென்றது என்று பாருங்கள். ஸ்கோரைக் கழித்துப் பார்க்காதீர்கள்.

புள்ளிகளுக்கு அடியில் இருக்கும் அளவைகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது வெற்றி விகிதம். 10 யார்டு முன்னேறத் தாக்கும் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன். முதல் டவுனில் தேவையான யார்டில் பாதி, இரண்டாம் டவுனில் 70 விழுக்காடு, மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும் கிடைத்தால் அந்த முயற்சி வெற்றி, இல்லையேல் தோல்வி. முதல் டவுனில் 10-க்கு 5 வேண்டும். இரண்டாம் டவுனில் 8 தேவையென்றால் 6 யார்டு ஓடினால் தேறும். ஒரே ஒரு 80 யார்டு ஓட்டம் சராசரியைத் தூக்கி நிறுத்திவிடும், வெற்றி விகிதத்தை அசைக்காது. அந்த நீண்ட ஓட்டங்களைத் தனியே வெடிப்புத் திறன் என்ற தலைப்பில் எழுதிக்கொள்ளலாம். ஏனெனில் வெற்றி விகிதம் வாரா வாரம் ஓரளவு நிலையாக இருக்கும், வெடிப்பு அப்படி இருக்காது. 2022-இல் இதே மைதானத்தில் மிச்சிகன் 45–23 என்று வென்றபோது டொனோவன் எட்வர்ட்ஸ் 75, 85 யார்டு டச்டவுன் ஓட்டங்கள் இரண்டை நான்காம் பகுதியில் எடுத்தார். இடைவேளையில் ஓஹியோ ஸ்டேட் 20–17 என்று முன்னணியில் இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். ஆட்டம் ஏற்கெனவே முடிவாகிவிட்ட பிறகு மாற்று வீரர்கள் ஆடிய நேரத்தையும் எண்களிலிருந்து நீக்கிவிடுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் கணிப்பவர்களுக்கு ஒரு சொல். அப்போது பருவ எண்களே இருக்காது. வீரர்கள் கல்லூரி மாறப் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு சென்ற ஆண்டின் அணியும் இந்த ஆண்டின் அணியும் பெயரளவில்தான் ஒன்று. 2024 ஓஹியோ ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் கான்சஸ் ஸ்டேட்டிலிருந்தும், ஓட்டக்காரர் குவின்ஷான் ஜட்கின்ஸ் ஓல் மிஸ்ஸிலிருந்தும், பின்வரிசைத் தடுப்பாளரான சேஃப்டி கேலப் டவுன்ஸ் அலபாமாவிலிருந்தும் வந்தவர்கள். யார் திரும்பி வந்திருக்கிறார், யார் புதிதாகச் சேர்ந்திருக்கிறார், பள்ளிப் பருவத்தில் அவர்களுக்கு எத்தனை நட்சத்திர மதிப்பீடு என்பவையே முதல் நான்கு வாரங்களுக்கு உங்கள் அடிப்படை.

படி 3: முன்வரிசைகளை நேருக்கு நேர் நிறுத்துங்கள்

வழிகாட்டியின் மற்ற எல்லாப் படிகளையும் அவசரத்தில் தாவிச் சென்றாலும் இதைத் தாவ வேண்டாம். தொலைக்காட்சி குவார்ட்டர்பேக்கையே காட்டிக்கொண்டிருக்கும். பந்து ஸ்நாப் ஆனதும், அதாவது நடுவிலிருந்து பின்னால் தரப்பட்டதும், இரு பக்கமும் மோதிக்கொள்ளும் கனத்த உடல்களிடையே யார் ஒரு கெஜம் பின்வாங்குகிறார் என்பதில்தான் பெரும்பாலான ஆட்டங்கள் முடிவாகின்றன.

ஓஹியோ ஸ்டேட்டின் தாக்குதல் முன்வரிசையில் இடது ஓரத்தில் நின்று குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இடது டேக்கிள் ஜாஷ் சிமன்ஸ் அக்டோபர் 12 அன்று ஆரிகன் ஆட்டத்தில் முழங்கால் காயத்தால் பருவத்தையே இழந்தார். அடுத்த ஆட்டத்தில் நெப்ராஸ்காவுக்கு எதிராக, சொந்த மைதானத்தில், அணியின் மொத்த ஓட்டம் 64 யார்டு. பிறகு இண்டியானா ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் சென்டர் செத் மெக்லாக்லினின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஐந்து பேர் கொண்ட வரிசையில் இரு தூண்கள் இல்லை. அதிலும் சென்டர் என்பவர் எதிரணியின் அமைப்பைப் பார்த்து மற்ற நால்வருக்கும் தடுப்பு ஒழுங்கைச் சொல்பவர்.

எதிரே யார்? மேசன் கிரகாம், கென்னத் கிராண்ட் என்ற இரு நடுத் தடுப்பாளர்கள். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும், அடுத்த ஏப்ரலில் நடந்த என்எஃப்எல் டிராஃப்டில் முன்னவர் 5-ஆவதாகவும் பின்னவர் 13-ஆவதாகவும் தேர்வானார்கள் என்பது பின்னால் தெரிந்த செய்தி. ஆனால் முதல் சுற்று வீரர்கள் என்ற பேச்சு நவம்பரிலேயே இருந்தது. ஆக, ஓஹியோ ஸ்டேட்டின் மிக மெலிந்த இடமும் மிச்சிகனின் மிக வலிய இடமும் ஒரே இடமாக இருந்தன: ஆடுகளத்தின் நடு.

இந்த இடத்தில் பேனாவை எடுத்து ஒரு தாளில் நான்கு மோதல்களை எழுதுங்கள். ஓர் அணியின் ஓட்டம் எதிரணியின் முன்வரிசையோடு, அவ்வணியின் குவார்ட்டர்பேக் பாதுகாப்பு எதிரணியின் நெருக்கடியோடு, பிறகு இதையே மறுபக்கத்துக்கு. நான்கிலும் யாருக்குச் சாதகம், எவ்வளவு என்று குறியுங்கள். 2024-இல் மூன்று ஓஹியோ ஸ்டேட் பக்கம் விழுந்திருக்கும், அவற்றில் இரண்டு மிகத் தெளிவாக. நான்காவது மட்டும் மிச்சிகன் பக்கம். மூன்றுக்கு ஒன்று என்றால் ஓஹியோ ஸ்டேட்தானே என்று முடித்துவிடலாகாது. அந்த ஒரு மோதலைத் தவிர்த்துவிட்டு ஆடப் பயிற்சியாளர் தயாராக இருக்கிறாரா என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. ஜெரமையா ஸ்மித், எமேக்கா எக்பூக்கா போன்ற பந்து பிடிப்பவர்கள் ஓரங்களில் நிற்க, பந்து பிடிப்பவர்களை மறிக்கும், மிச்சிகனின் சிறந்த கார்னர்பேக் வில் ஜான்சன் காயத்தால் வெளியே இருக்க, வீச்சு ஆட்டமே இயல்பான தேர்வு. ஆனால் ஓஹியோ ஸ்டேட் பயிற்சியாளர் ரயன் டேயின் அணி நடுவில் மோதி மோதியே பார்த்தது. 26 ஓட்டங்களில் 77 யார்டு. ஸ்மித்துக்குக் கிடைத்தது 35 யார்டு.

2021-இல் மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் ஓஹியோ ஸ்டேட் 42–27 என்று தோற்றபோது மிச்சிகனின் ஹசான் ஹாஸ்கின்ஸ் 5 டச்டவுன் ஓடினார். "மிச்சிகனுக்கு எதிராக உடல் வலிமையில் குறைந்தவர்கள்" என்ற பேச்சு அன்றிலிருந்து அந்த அணியைத் துரத்தி வந்தது. பயிற்சியாளர்கள் இத்தகைய பேச்சுக்குப் பதில் சொல்ல ஆசைப்படுவார்கள். அந்த ஆசை அவர்களின் ஆட்டத் திட்டத்துக்குள் புகுந்துவிடும். கணிப்பாளர் இதை ஓர் அபாயமாகக் குறித்துக்கொள்ளலாம், எண்ணாக மாற்ற முடியாவிட்டாலும்.

படி 4: யார் களம் இறங்குகிறார்கள்?

கல்லூரி அணிகள் காயச் செய்திகளை மூடி மறைப்பதில் பேர்போனவை. இப்போது நிலைமை சற்று மேல். இவ்விரு அணிகளும் ஆடும் பிக் டென் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு 2023 முதல், ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு முன் வீரர் இருப்பு அறிக்கையை வெளியிடச் சொல்கிறது. இன்னொரு கூட்டமைப்பான எஸ்இசி 2024-இல் புதன்கிழமை முதலே நாள்தோறும் அறிக்கை வெளியிடும் முறையைக் கொண்டுவந்தது. வியாழனன்று கணிப்பை எழுதினாலும், சனிக்கிழமை அறிக்கை வரும்வரை அதை இறுதியாக்காதீர்கள். வழக்கமாக நண்பகலில் தொடங்கும் இந்த ஆட்டம் இந்திய நேரப்படி இரவு 10:30-க்குத் தொடங்குவதால், இங்கிருந்து பார்ப்பவர்களுக்கு அறிக்கை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கையில் கிடைத்துவிடும்.

காயத்துக்கு எண் கொடுக்கும்போது கஞ்சமாக இருங்கள். முதல்தரக் குவார்ட்டர்பேக் இல்லையென்றால் மாற்று ஆளைப் பொறுத்து 4 முதல் 8 புள்ளிகள் வரை குறைக்கலாம். மற்ற எந்தத் தனி வீரருக்கும் 1 புள்ளிக்கு மேல் கொடுக்க நான் தயங்குவேன். விதிவிலக்கு, ஒரே வரிசையில் இரண்டு மூன்று பேர் ஒருசேர இல்லாமல் போவது. அப்போது இழப்பு கூட்டலாக வராது, பெருகிவரும். ஓஹியோ ஸ்டேட்டின் தாக்குதல் வரிசை அத்தகையது. மிச்சிகன் தரப்பில் ஜான்சனோடு தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் கோல்ஸ்டன் லவ்லண்டும் இல்லை; அவ்வணியின் முதன்மைப் பந்து பிடிப்பவர் அவர்தான். இந்த இரு இழப்புகளும் சந்தையின் 20-க்குள் வந்துவிட்டவை என்பதையும் மறக்கக் கூடாது.

பருவம் முடிந்த பிறகு அழைப்பின்பேரில் ஆடப்படும் பவுல் ஆட்டங்கள் தனி உலகம். டிராஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், போர்ட்டலில் நுழைந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். பல முன்னணி வீரர்கள் இல்லாமலேயே மிச்சிகன் அந்தப் பருவத்தின் இறுதியில் அலபாமாவை 19–13 என்று வென்றது. பவுல் கணிப்புக்கு நவம்பர் எண்களைத் தூக்கிக்கொண்டு போவதில் பயனில்லை.

படி 5: அதிர்ஷ்டத்தைத் திறமையிலிருந்து பிரித்தெடுங்கள்

ஃபம்பிளை, அதாவது கைநழுவித் தரையில் விழுந்த பந்தை, யார் எடுப்பது என்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதி; எந்த அணியும் அதில் ஆண்டுக்கணக்கில் வல்லமை காட்டியதில்லை. தடுப்பு அணி கைவைத்த வீச்சுகளில் சுமார் ஐந்தில் ஒன்று இன்டர்செப்ஷனாகும், அதாவது அவ்வணியின் கைக்கே வந்துவிடும். இந்த இரு அளவுகளுக்கும் மிக மேலே நிற்கும் அணி அதிர்ஷ்டத்தில் மிதக்கிறது. அடுத்த வாரம் அது கீழே வரும் என்று எதிர்பார்ப்பதே முறை. நூற்றுக்கணக்கில் யார்டு இழந்தும் பந்து பறிப்பால் தப்பிப் பிழைத்துவந்த அணியைத் தொடர்ந்து நம்பி எழுதுவதே முன்னோட்டங்களில் நான் மிக அதிகம் காணும் கோளாறு.

உதைப்பாளரை யாரும் முன்னோட்டத்தில் எழுதுவதில்லை, குறைந்த ஸ்கோர் ஆட்டத்தில் பாதி வேலை அவருடையது என்றாலும். மிச்சிகனின் டொமினிக் ஸ்வாடா அந்தப் பருவத்தில் 22 ஃபீல்ட் கோல் முயற்சிகளில் 21-ஐ அடித்தார். கொலம்பஸில் 54 யார்டிலிருந்து ஒன்று, ஆட்டம் முடிய 45 விநாடி இருக்கும்போது 21 யார்டிலிருந்து ஒன்று. ஓஹியோ ஸ்டேட்டின் உதைப்பாளர் 34, 38 யார்டு உதைகள் இரண்டைத் தவறவிட்டார். 13–10-இல் முடிந்த ஆட்டத்தில் அந்த ஆறு புள்ளிகளின் எடையை நான் சொல்ல வேண்டியதில்லை.

வானிலையில் காற்று மட்டுமே பெரும்பாலும் பொருட்டு. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டி வீசினால் நீண்ட வீச்சும் உதையும் பாதிக்கும், மொத்தப் புள்ளிகளைக் குறைக்கலாம். பனியைப் பார்த்து அஞ்ச வேண்டாம். பனிச்சீவல்கள் விழுந்துகொண்டிருந்த 2021 ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 69 புள்ளிகள் எடுத்தன.

படி 6: எத்தனை டிரைவ்?

ஒரு வலிய அணியின் மேன்மை ஒவ்வொரு டிரைவிலும், அதாவது பந்து கைக்கு வந்து போகும்வரையான ஒவ்வொரு தொடர் தாக்குதலிலும், சிறிது சிறிதாகச் சேர்வது. டிரைவ்கள் குறைந்தால் அந்த மேன்மை வெளிப்பட இடமும் குறையும். தற்செயலின் பங்கு கூடும். 2023-இல் விதி மாறி, ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்கள் தவிர மற்ற நேரத்தில் முதல் டவுன் கிடைத்தாலும் கடிகாரம் நிற்பதில்லை என்றானது. ஆட்டத்துக்கு அணிக்கு 12, 13 என்றிருந்த டிரைவ்கள் அதனால் மேலும் சுருங்கின. இரு அணிகளும் மெதுவாக ஆடுபவை என்றால் 10 டிரைவ்களையே எதிர்பார்க்க வேண்டும்.

மிச்சிகனுக்கு வேகமே தேவையில்லை. செப்டம்பரில் யுஎஸ்சியை 27–24 என்று வென்றபோது அவ்வணியின் மொத்த வீச்சு 32 யார்டு, மீதியெல்லாம் ஓட்டம். வீசத் தெரியாத அணி என்று நகைத்தார்கள். பலவீனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே பாணி கடிகாரத்தைத் தின்று, எதிரணியின் டிரைவ்களையும் தின்றுவிடும்.

டிரைவ் எண்ணிக்கை கிடைத்ததும் ஸ்கோரைக் கட்டலாம். சந்தையின் மொத்தப் புள்ளி 42, ஸ்ப்ரெட் 20 என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்க 31, கழித்துப் பாதியாக்க 11. இதுவே சந்தையின் மறைமுக ஸ்கோர். 11 என்ற எண் கால்பந்தில் எளிதில் வராது. 10 என்று வைத்துக்கொள்வோம். இதிலிருந்து நம் திருத்தம் தொடங்குகிறது.

படி 7: கதைகளுக்கு எவ்வளவு இடம்?

பழிவாங்கும் துடிப்பு, பயிற்சியாளரின் வேலைக்கு ஆபத்து, தொடர் தோல்வியின் பாரம் ஆகியவை படிக்கச் சுவையானவை. எண்ணாக மாற்றினால் ஒரு புள்ளி தேறுவது அபூர்வம். 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து மிச்சிகன் வென்றது. "ஓஹியோ ஸ்டேட்டின் மனத்துக்குள் மிச்சிகன் குடியேறிவிட்டது" என்ற கோட்பாட்டை வைத்தே ஐந்தாவதையும் கணித்தவர்கள், 2025 நவம்பர் 29 அன்று ஆன் ஆர்பரில் 27–9 என்று ஓஹியோ ஸ்டேட் வென்றதைப் பார்த்தார்கள். நான்கு ஆண்டுகளில் வீரர்கள் பெரும்பாலும் மாறிவிடுகிறார்கள். மாறாமல் இருப்பது பயிற்சியாளரும் அவருடைய திட்டமிடும் பழக்கமும். வரலாற்றில் எடுத்துக்கொள்ளத்தக்கது அவ்வளவே.

ஓய்வு வாரம், நீண்ட பயணம், அடுத்த வாரம் பெரிய ஆட்டம் இருக்கும்போது வரும் அலட்சியம் போன்றவற்றுக்கு அரைப் புள்ளி, ஒரு புள்ளி என்று கொடுக்கலாம். இந்த ஆட்டத்தில் அலட்சியத்துக்கு இடமில்லை.

படி 8: திருத்தத்துக்கு வரம்பு கட்டி எழுதுங்கள்

எல்லாக் காரணங்களையும் கூட்டினாலும் சந்தையின் எண்ணிலிருந்து 4 புள்ளிகளுக்கு மேல் விலகாதீர்கள் என்பது என் விதி. ஒன்பது காரணங்களை ஒரே திசையில் அடுக்கும்போது அவற்றில் ஏழு காரணங்களை மற்றவர்களும் பார்த்திருப்பார்கள். வெள்ளியன்று கையில் இருந்த தகவல்களை மட்டும் வைத்து அந்த முன்னோட்டத்தின் முடிவுப் பத்தியை எழுதினால் இப்படி அமையும்:

"ஓஹியோ ஸ்டேட் 27, மிச்சிகன் 10. ஓஹியோ ஸ்டேட்டின் வெற்றி வாய்ப்பு 85 விழுக்காடு. சந்தையைவிட 3 புள்ளிகள் குறைவாக மதிப்பிடுவதற்குக் காரணம், இடது டேக்கிளும் சென்டரும் இல்லாத வரிசை கிரகாமையும் கிராண்டையும் நடுவில் நகர்த்தும் என்று நாம் நம்பவில்லை. ஹவர்ட் முதல் டவுனிலேயே ஓரங்களுக்கு வீசத் தொடங்கினால் இடைவேளைக்குள் ஆட்டம் முடிந்துவிடும். மிச்சிகன் வெல்ல வேண்டுமானால் மூன்று நடக்க வேண்டும்: ஓஹியோ ஸ்டேட்டின் ஓட்டம் 100 யார்டைத் தாண்டக் கூடாது, ஒரு பந்து பறிப்பாவது எதிரணியின் கோட்டருகே கிடைக்க வேண்டும், நான்காம் பகுதிக்குள் நுழையும்போது வித்தியாசம் ஒரு டச்டவுனுக்குள் இருக்க வேண்டும்."

மூன்றும் நடந்தன. இரண்டாம் பகுதியில் ஏமிர் ஹால் பறித்த வீச்சு ஓஹியோ ஸ்டேட்டின் 2 யார்டு கோடு வரை போனது. காலெல் மல்லிங்ஸ் அதை டச்டவுனாக்கினார். மிச்சிகனின் ஒரே டச்டவுன் அதுதான். இடைவேளையில் 10–10. மிச்சிகன் மொத்தம் 172 யார்டு ஓடியது. கடைசி டிரைவில் மல்லிங்ஸ் ஒரே ஓட்டத்தில் 27 யார்டு எடுத்ததும் ஸ்வாடாவின் உதை வெறும் சடங்காயிற்று. வெற்றியாளரைத் தவறாகச் சொன்ன முன்னோட்டம்தான் இது, எனினும் வாசகர் ஆட்டத்தைப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லியிருக்கும்.

இந்தப் பத்தியில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். "கடும் போட்டியாக அமையும்", "பந்து பறிபோகாமல் ஆடும் அணியே வெல்லும்" போன்ற, எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும் தொடர்களுக்கு அதில் இடமில்லை.

படி 9: ஆட்டம் முடிந்த பிறகு

ஒவ்வொரு கணிப்பையும் தேதி, விழுக்காடு, ஸ்ப்ரெட், உங்கள் எண், இறுதி ஸ்கோர் என்று ஒரு தாளில் பதிவு செய்யுங்கள். வென்றதா தோற்றதா என்று எண்ணுவதைவிட பிரையர் மதிப்பெண் போடுவது நேர்மையானது: நீங்கள் சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம். 90 விழுக்காடு கொடுத்த அணி தோற்றால் 0.81 தண்டனை, 80 கொடுத்திருந்தால் 0.64. வென்றிருந்தால் முறையே 0.01, 0.04. எப்போதும் பாதிக்குப் பாதி என்று சொல்பவருக்கு எல்லா ஆட்டத்திலும் 0.25 கிடைக்கும், பருவ முடிவில் உங்கள் சராசரி அதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். கூடவே, 80 விழுக்காடு என்று சொன்ன ஆட்டங்களை மட்டும் தனியே பிரித்து, அவற்றில் பத்துக்கு எட்டு வென்றனவா என்று பாருங்கள். பத்தும் வென்றிருந்தால் பெருமைப்பட வேண்டாம். நீங்கள் வேண்டியதைவிடத் தயங்குகிறீர்கள்.

ஒரு முடிவை வைத்து அணியின் மதிப்பீட்டை எவ்வளவு மாற்றுவது என்பதும் இங்கேதான் தீர்மானமாகிறது. மிச்சிகனிடம் தோற்ற மறுநாள் ரயன் டேயை நீக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன, ஓஹியோ ஸ்டேட்டின் மதிப்பைப் பலர் பத்துப் புள்ளிகள் வெட்டினார்கள். டிசம்பர் 21 அன்று அதே அணி, அதே மைதானத்தில், டென்னஸியை 42–17 என்று வென்றது; அடுத்து ஆரிகனை 41–21, டெக்சாசை 28–14, 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நாட்டர்டாமை 34–23 என்று வென்று தேசியப் பட்டத்தையும் எடுத்தது. காயமடைந்தவர்கள் திரும்பவில்லை, வரிசை அதே வரிசைதான். மாறியது பந்தை ஸ்மித்திடம் அனுப்பும் விருப்பம். எனவே ஓர் ஆட்டத்துக்குப் பிறகு ஒன்று அல்லது இரண்டு புள்ளிகளுக்கு மேல் மதிப்பீட்டை நகர்த்தாதீர்கள். அதற்குப் பதிலாக, தோல்விக்கான காரணம் அடுத்த எதிரணியிடமும் இருக்கிறதா என்று மூன்றாம் படிக்குத் திரும்பிப்போய்ப் பாருங்கள். டென்னஸியின் முன்வரிசையும் வலியதுதான், ஆனால் அந்த இரவில் ஓஹியோ ஸ்டேட் முதல் பகுதியிலேயே 21–0 என்று முன்னேறியிருந்தது.